தெற்குச் சரிவுப் படுக்கை

ஐந்தே முக்காலுக்கு ஜோயல் எழுந்தான். விறகு அடுப்பிலிருந்த சாம்பலை வாளியில் அள்ளிப் பின்வாசலில் வைத்தான். நான்கு கட்டை அடுக்கி நெருப்புப் பற்றவைத்தான். காப்பி போட்டான். இரண்டு முட்டையைப் பொரித்து, ரொட்டி சுட்டு, நின்றபடியே சாப்பிட்டுத் தட்டைக் கழுவினான். பிறகு வெளியே போய், கொட்டிலின் மூலையில் கட்டியிருந்த ஆரஞ்சு ரிப்பனைப் பார்த்தான். அது தென்கிழக்குப் பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து, விதைக்கடைக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் ‘வடமேற்கு, லேசு’ என்று எழுதினான்.

காற்றை எழுதுவது அவன் மனைவி மாரிட்டின் பழக்கம். வேட்டைக்காரி அவள்தான். ஜோயல் பள்ளியில் வேதியியல் வாத்தியார். அவனுக்குத் துப்பாக்கி பிடிக்கவே வராது. போன வருஷத்துக் காலண்டரில் நவம்பர் மூன்றாம் வாரத்துச் சனிக்கிழமை வரை அவள் கையெழுத்து. அந்தக் கட்டத்தில் ‘மேற்கு, பலம்’ என்றிருந்தது. அடுத்த கட்டத்திலிருந்து இவன் கையெழுத்து. எதற்கு எழுதுகிறோம் என்று அவன் யோசித்ததில்லை. எழுதாவிட்டால் காலையில் செய்வதற்கு ஒரு வேலை குறையும்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. மாரிட்டின் அக்கா சிக்ரிட்.

“எழுந்துட்டியா?”

“ம்.”

“கல்லுக்காரர் இன்னிக்கு மதியம் பன்னெண்டு மணிக்குக் கல்லறைக் கல்லை மெஷின்ல ஏத்துறாராம். பேரு, தேதி எல்லாம் நான் பார்த்துட்டேன். கீழ வர்ற அந்த ஒரு வரியை மட்டும் நீ சரின்னு சொல்லணும். ‘சாயங்காலம் சாப்பாட்டுக்குப் பார்க்கலாம்.’ அவ்வளவுதானே? முன்னாடி பின்னாடி வேற வார்த்தை எதுவும் இல்லையே?”

ஜோயல் அடுப்பைப் பார்த்தான். கட்டை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

“யோசிச்சுச் சொல்றேன்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? அவ கடைசியா சொன்னது அதுதானே. கிரானைட், ஜோயல். ஒரு தடவை வெட்டிட்டா வெட்டினதுதான். அழிச்சு எழுத முடியாது.”

“மதியத்துக்குள்ள கூப்பிடறேன்.”

“நீ கூப்பிட மாட்ட, எனக்குத் தெரியும். அப்பா அங்கதானே வர்றார். அவரைக் கூப்பிடச் சொல்றேன்.”

மாரிட் அப்படிச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காகிதத் தட்டுகளோடு நின்றார்கள். ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், ஏழெட்டு விதமான கேக் துண்டுகள். சிக்ரிட் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “உன்கிட்ட கடைசியா என்ன சொன்னா?” சுற்றிலும் பத்துப் பேர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்கள். மாரிட் வேறு எத்தனையோ நாள் சொன்ன ஒன்றை எடுத்து அவன் சொல்லிவிட்டான். சிக்ரிட் அழுதாள். அவளுக்குப் பின்னாலிருந்த ஒருவரும் அழுதார். வார்த்தை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

அதற்கு முன்பே அவன் இன்னொரு பொய் சொல்லியிருந்தான், விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம். இந்தப் பொய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

எட்டு மணிக்கு ஆர்லன் வந்தார். மாரிட்டின் அப்பா. அறுபத்தெட்டு வயது. மாடுகளை விற்று ஆறு வருஷமாகியும் பால் கறக்கிற நேரத்துக்கே எழுந்துவிடுவார். அவருடைய சிவப்பு பிக்கப் வண்டியின் பின்னால் மெஷின் ரம்பமும் எண்ணெய் டப்பாவும் நுனியில் கொக்கி வைத்த ஒரு நீளக் கழியும் கிடந்தன.

“வாத்தியாரே, அது பூட்ஸா, பள்ளிக்கூடத்துக்குப் போடற ஷூவா?”

“பூட்ஸ்தான்.”

“மேடிசன் யுனிவர்சிட்டியில நாலு வருஷம் படிச்சவன் பூட்ஸும் அழகாத்தான் இருக்கும். ஏறு.”

வண்டி பண்ணைப் பாதையில் குலுங்கிக்கொண்டு போனது. சோயா அறுத்த தாள்களுக்கு நடுவே அழுக்குப் பனி திட்டுத்திட்டாகக் கிடந்தது. வயலின் கோடியில் கேட். கேட்டுக்கு அப்பால் இன்னொரு வயல்; அது முடிகிற இடத்தில் தெற்குச் சரிவு எழும்பியது.

ஆர்லன் கேட்டின் அருகே வண்டியை நிறுத்தினார். எல்லோரும் நிறுத்துகிற இடம் அதுதான். ஜோயல் இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

“இன்னிக்கு வேண்டாம்னா சொல்லு,” என்றார் ஆர்லன், முன்னால் பார்த்தபடி. “ஆனா இந்த வாரம் விட்டா அடுத்த வருஷம்தான். மேப்பிள் மரத்துல சாறு ஏறிடுச்சு. மொட்டு விரிஞ்சப்புறம் வெட்டினா மரம் தாங்காது.”

“வேலையை முடிச்சுடலாம்.”

“பாதியில விட்டா அவளுக்குப் பிடிக்காது.”

“தெரியும்.”

அந்தச் சரிவு நாற்பது ஏக்கர். மாரிட்டின் கல்யாணத்துக்கு ஆர்லன் கொடுத்தது. உழ முடியாது, மேய்க்க முடியாது, கல்லும் மரமும்தான். மாரிட் அதை மான் படுக்கிற இடமாக மாற்றத் தொடங்கினாள். தீவனம் தூவி மானை வரவைப்பதெல்லாம் அவளுக்குப் பிடிக்காது. தின்ன வருகிற மான் தின்றுவிட்டுப் போய்விடும், படுக்க வருகிற மான்தான் நம்முடைய மான் என்பாள். ஜோயலின் பள்ளியிலிருந்து கட்டம் போட்ட தாள்களை எடுத்துவந்து சரிவு முழுவதையும் வரைந்தாள். எந்த மரத்தைச் சாய்ப்பது, எந்த ஓக் மரத்தை மான் தின்கிற அதன் கொட்டைக்காக விட்டுவைப்பது, எங்கே படுக்கை, எந்தக் காற்றுக்கு எந்தப் படுக்கை. போன மார்ச்சில் அவளும் ஜோயலும் கீழ்ப்பாதியை முடித்தார்கள். மேல்பாதி மரங்களுக்கு அவள் நீலச் சாயம் அடித்துவைத்திருந்தாள்.

அந்தக் குடும்பத்தில் ஆர்லன் போட்ட ஒரு சட்டம் உண்டு. மார்ச் கடைசியில் ரம்பத்தை அணைத்துவிட்டு வெளியே வந்தால், அடுத்த மார்ச் வரை சரிவுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில் உட்காருகிறவர் மட்டும் கீழ் ஓரமாகப் போய் அதே ஓரமாக வரலாம். மனித வாடை உள்ளே ஒரு தடவை விழுந்தால் போதும், மான் எழுந்து அடுத்தவன் நிலத்துக்குப் போய்விடும், அடுத்தவன் சுட்டுவிடுவான். கல்யாணமான வருஷத்து இலையுதிர்காலத்தில் ஜோயலின் தொப்பி காற்றில் பறந்து சரிவுக்குள் விழுந்தது. அவன் இருபதடி உள்ளே போய் எடுத்துவந்தான். ஆர்லன் மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. மாரிட் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அடுத்த முறை தொப்பி பறந்தபோது அவளும் அதை அங்கேயேதான் விடச் சொன்னாள். அது இன்னும் எங்கோ உள்ளே கிடக்கிறது.

அவன் அந்தச் சட்டத்தை மீறியது அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான். நவம்பரில், டார்ச் விளக்கோடு. மூன்றரை மணி நேரம் தாமதமாக.

இருவரும் சரிவில் ஏறினார்கள். கீழ்ப்பாதியைத் தாண்டும்போது ஜோயல் பரண் இருந்த பக்கம் பார்க்கவில்லை. ஆர்லனும் பார்க்கவில்லை. முழங்கால் வலிக்கிறதென்று சொல்லிக்கொண்டு வேறு பக்கமாகச் சுற்றிப் போனார்.

மேலே முதல் நீலக் குறி ஒரு மேப்பிளில் இருந்தது. தொடைப் பருமன். ஆர்லன் ரம்பத்தை முடுக்கி, நெஞ்சுயரத்தில், மேலிருந்து கீழாகச் சாய்த்து அறுத்தார். முக்கால்வாசி போனதும் நிறுத்தினார். ஜோயல் கொக்கிக் கழியை மாட்டித் தள்ளினான். மரம் முனகிக்கொண்டு சாய்ந்தது. அடியில் பட்டையும் ஒரு விரற்கடை மரமும் அறாமல், கதவின் கீல் போல, மிச்சமிருந்தன. தலை தரையில் படுத்தாலும் வேரிலிருந்து சாறு போய்க்கொண்டே இருக்கும். கோடையில் படுத்தபடியே துளிர்விடும். மானுக்கு வாயெட்டும் உயரத்தில் இலை, பின்னால் மறைப்பு.

“நல்லா விழுந்துச்சு,” என்றார் ஆர்லன். “உனக்கு இது சரிப்பட்டு வருது. வாத்தியார் வேலை போச்சுன்னா சொல்லு.”

“சம்பளம் எவ்வளவு?”

“மதியம் ஒரு சாண்ட்விச். கெட்ட பேரு இலவசம்.”

ஐந்தாவது மரத்தில் அவர் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டார். கழி தொடுவதற்குள் அது முறிந்து, அடிமரத்தைவிட்டுத் தனியாக விழுந்தது. வெட்டுவாய் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. ஆர்லன் ரம்பத்தை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“செத்துப்போச்சு,” என்றார்.

“ஒண்ணுதானே.”

“அவ வெட்டினதுல ஒண்ணுகூட சாகல. கீழ எல்லாமே போன கோடையில துளிர்விட்டுச்சு, பார்த்தியா? அம்பத்தோரு மரம். ஒண்ணுகூட.”

எண்ணினது ஜோயல்தான், அவள் சொல்லச் சொல்ல. தாளில் அவன் போட்ட கோடுகள்.

பத்து மணிக்கு ஆர்லன் விழுந்த மரத்தில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார். சாசேஜும் சீஸும் வைத்த சாண்ட்விச்சில் பாதியை ஜோயலிடம் நீட்டினார். காற்று லேசாக இருந்தது. கீழே எங்கோ பனி உருகிச் சொட்டுகிற சத்தம்.

“ஒண்ணு சொல்லணும்,” என்றார் ஆர்லன். “சிக்ரிட்டுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.”

ஜோயல் மெல்லுவதை நிறுத்தினான்.

“துப்பாக்கியைத் திருப்பி என்கிட்டதான் கொடுத்தாங்க. நான்தான் துடைச்சேன். ஒரு தோட்டா சுட்டிருக்கு. ரெண்டாவது பாதி உள்ள போயி சிக்கிக்கிட்டு நின்னுச்சு. தோட்டாவை உள்ள தள்ளற போல்ட் பூரா மண்ணு, இலை. அவ பரண்லேர்ந்து விழுந்தப்போ அதுவும் கூடவே விழுந்து மண்ணுல குத்திருக்கு.”

அவர் காப்பியைக் குடிக்காமல் மூடியிலேயே சுழற்றினார்.

“மூணு சுட நினைச்சிருக்கா, ஜோயல்.”

அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. ஒரு வெடி கேட்டால் யாரோ மான் அடித்திருக்கிறார்கள். மூன்று வெடி வரிசையாகக் கேட்டால் யாரோ உதவிக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு வெடிக்கு யாரும் எழுந்து போவதில்லை. சொல்லப்போனால் ஒரு வெடிக்குப் பிறகு போகவே கூடாது. அடிபட்ட மான் படுத்து அடங்கும்வரை அசையாமல் காத்திருக்க வேண்டும்.

“யாரு கேட்டிருந்தாலும் மான்னுதான் நினைச்சிருப்பான்,” என்றார் ஆர்லன். “கேக்கறதுக்கும் ஆளில்ல. நீ வீட்டுல இருந்த. நான் அந்தப் பக்கத்து மலையில. அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கறேன். கேக்க ஆளே இல்லாம போச்சு. அது ஒரு விதத்துல…” அவர் முடிக்கவில்லை. “டாக்டர் ரெண்டு மணி நேரம் உயிர் இருந்திருக்கும்னார். கூடவும் இருக்கலாம்னார். காலு உடைஞ்சு உள்ளுக்குள்ள ரத்தம் போயிருக்கு. மெதுவா.”

ஜோயல் மீதி சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தான்.

“வேலையைப் பார்க்கலாம்,” என்றான்.

இன்னும் ஒன்பது மரம் சாய்த்தார்கள். பிறகு ஆர்லன் மாரிட்டின் தாளை விரித்தார். மூலைகள் நைந்து போயிருந்தன. மேல்பாதியில் நான்கு படுக்கைகள் குறித்திருந்தாள்.

“எவ்வளவு பெரிசு தோண்டுவா?”

“நம்ம சமையலறை மேசை அளவு. கல்லு, குச்சி ஒண்ணும் இருக்கக் கூடாது. முதுகுப் பக்கம் கட்டை. காத்து முதுகிலேர்ந்து வரணும். எதிர்ல மட்டும் திறப்பு. பின்னாடி வர்றவனை அது மூக்கால பார்க்கும், முன்னாடி வர்றவனைக் கண்ணால பார்க்கும்.”

“நீயே பாடம் எடுக்கறியே.”

“பரீட்சை வைப்பா.”

அது உண்மை. ஒவ்வொரு படுக்கை முடிந்ததும் மாரிட் அவனை அதில் படுக்கவைப்பாள். ‘நீ படு, நீயும் மான் மாதிரி சோம்பேறிதான்’ என்பாள். மோவாய் தரையில் படும்படி படுத்து, என்ன தெரிகிறது என்று அவன் சொல்ல வேண்டும். அவள் கீழேயிருந்து நடந்து வருவாள். முதலில் அவன் கண்ணில் படுவது தொப்பியா, கையா, எத்தனை அடி தூரத்தில் என்று எழுதிக்கொள்வாள். அவன் அவளைப் பார்க்க வேண்டும், அவள் கண்ணுக்கு அவன் தெரியக் கூடாது. அப்படி அமைந்தால்தான் அது நல்ல படுக்கை.

ஆர்லன் மண்வெட்டியால் இரண்டு தடவை கொத்திவிட்டு நிமிர்ந்தார்.

“கீழ அவ போட்டதை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடு. எவ்வளவு ஆழம், கட்டை எப்படி வெச்சிருக்கான்னு. நான் போகல.” அவர் மண்வெட்டியின் பிடியைத் தடவினார். “நான் போக மாட்டேன்.”

ஜோயல் இறங்கினான்.

மற்ற படுக்கைகள் இருந்தன. அவன் கால்கள் நேரே பரண் பக்கம் போயின. மஞ்சள் போலீஸ் நாடாவின் ஒரு துண்டு ஏணியின் கடைசிப் படியில் இன்னும் சுற்றியிருந்தது. பரணின் அடியில் நின்று பார்த்தான். சாய்ந்த மேப்பிள்களின் தலைகள் பின்னிக் கிடந்தன, வயல் தெரியவில்லை. அவை மறைப்பதற்காகவே அங்கே சாய்க்கப்பட்டவை. பதினைந்தடி தள்ளி, அந்தத் தலைகளைச் சுற்றிக்கொண்டு போனால், கீழ்க்கோடிப் படுக்கை.

அவளை அவன் கண்டது அங்கேதான். அன்று இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் ஆரஞ்சுக் கோட்டும் கையுறை இல்லாத ஒரு கையும்தான் தெரிந்தன. துப்பாக்கி பக்கத்தில் கிடந்தது. விழுந்த இடத்திலிருந்து உடைந்த காலோடு அவ்வளவு தூரம் ஊர்ந்து வந்திருக்கிறாள். காற்றுக்கு ஒதுங்கியிருப்பாள் என்றார் போலீஸ்காரர். மேற்கு, பலம். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஜோயலும் ஒப்புக்கொண்டான்.

படுக்கையில் புதிய மான் மயிர் ஒட்டியிருந்தது. சாம்பலும் வெள்ளையுமாக, உடைந்த பிரஷ் மயிர் போல. குளிர்காலத்தில் ஏதோ ஒன்று அங்கே வழக்கமாகப் படுத்திருக்கிறது. மண் அதன் உடம்பின் வடிவத்தில் அமுங்கியிருந்தது.

அவன் படுத்தான். அவள் சொல்லிக்கொடுத்தபடி, கட்டைக்கு முதுகைக் கொடுத்து, மோவாயைக் கையின் மேல் வைத்து.

எதிரே இரண்டு அடிமரங்களுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்குத் திறப்பு. திறப்பில் சோயாத் தாள். அதற்கப்பால் கேட். கேட்டின் பக்கத்தில் ஆர்லனின் சிவப்பு வண்டி. வெயில் முன்கண்ணாடியில் படவில்லை; உள்ளே ஸ்டீயரிங் தெரிந்தது. ஆள் உட்கார்ந்திருந்தால் ஆளும் தெரிவான். தலையைக் குனிந்து ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அதுவும் தெரியும்.

கத்தினால் கேட்கிற தூரமில்லை, அதுவும் அந்தக் காற்றில், வண்டிக்குள் ஹீட்டர் ஓடும்போது. ஆனால் அவள் துப்பாக்கியில் தூரக்கண்ணாடி இருந்தது.

காற்றுக்கு ஒதுங்க அவள் வரவில்லை. கேட் தெரிகிற இடம் இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். போட்டவள் அவள்.

ஜோயல் எழுந்திருக்கவில்லை. அன்று நடந்தது அவனுக்குள் எப்போதும் போல வரிசையாக ஓடியது. அதில் அவனுக்கு அழுகை வந்ததில்லை, இப்போதும் வரவில்லை. ஒரு மணிக்கு அவளைக் கேட்டில் இறக்கிவிட்டான். வீட்டுக்குப் போகவில்லை. வண்டிக்குள்ளேயே கதகதப்பாக இருந்தது, முப்பத்திரண்டு பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது. இரண்டு நாற்பதுக்கு ஒரு வெடி கேட்டது. அடித்துவிட்டாள் என்று நினைத்தான். சந்தோஷமாகக்கூட இருந்தது. பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தான். அவள் அரைமணி காத்திருப்பாள், பிறகு ரத்தத் தடம் பார்ப்பாள், குடல் எடுப்பாள், நேரமாகும். ஐந்து மணிக்கு இருட்டியது. நெடுநேரம் தடம் தேடுகிறாள் என்று நினைத்தான். ஆறேகாலுக்குத்தான் இறங்கினான். இறங்கும்போதுகூட, உள்ளே போனால் திட்டுவாள் என்றுதான் தோன்றியது.

போலீஸ்காரர் கேட்டபோது, வீட்டுக்குப் போய்விட்டு ஆறு மணிக்குத் திரும்பி வந்ததாகச் சொன்னான். வாய் தானாகச் சொன்னது.

மேலேயிருந்து ஆர்லன் கூப்பிட்டார். “வாத்தியாரே. தூங்கிட்டியா?”

அவன் எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த மான் மயிரைத் தட்டிவிட்டு ஏறினான்.

ஆர்லன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். “இந்தக் குழியில சிக்னல் கிடையாது. பதினொன்னே முக்கால் ஆச்சு. சிக்ரிட் என் உயிரை எடுத்துடுவா. மேட்டுக்குப் போவோம், வா.”

மேட்டின் உச்சியில் வேலிக்கம்பத்தில் சாய்ந்துகொண்டு அவர் மூச்சு வாங்கினார். எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, கைப்பேசியை இருவருக்கும் நடுவே கம்பத்தின் தலையில் வைத்தார். இரண்டாவது மணியிலேயே சிக்ரிட் எடுத்தாள்.

“அப்பா, கல்லுக்காரர் எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். கல்லை மேசையில ஏத்தி வெச்சுட்டாராம். என்ன செய்யட்டும்?”

“சரின்னு சொல்லிடு. ‘சாயங்காலம் சாப்பாட்டுக்குப் பார்க்கலாம்.’ நல்லா இருக்கு. அவ அம்மாவும் அப்படித்தான் சொல்லுவா.” அவர் ஜோயலைப் பார்த்தார். “சரிதானே?”

கீழே சரிவு முழுவதும் தெரிந்தது. அவர்கள் சாய்த்த மரங்கள் தலையைக் கீழே போட்டுக் கிடந்தன. இங்கிருந்து பார்க்க எல்லாமே செத்துக் கிடப்பது போலத்தான் இருந்தது. ஒன்றுதான் உண்மையில் செத்தது.

“வெட்ட வேண்டாம்னு சொல்லு, சிக்ரிட்,” என்றான் ஜோயல்.

“என்ன?”

“அவ அதைச் சொல்லல. நானா சொன்னது.”

ஆர்லன் கையுறையைக் கழற்றத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

“ஏன் அப்படிச் சொன்ன?” என்றாள் சிக்ரிட்.

“எல்லாரும் பார்த்துட்டு இருந்தீங்க.”

“ஜோயல், நாங்க அதை நினைவு ஆராதனைப் பாட்டுப் புத்தகத்துலகூட அச்சடிச்சோம்.”

“தெரியும். இன்னொண்ணும் இருக்கு. ஆர்லன், நான் அன்னிக்கு வீட்டுக்குப் போகல.”

ஆர்லன் திரும்பவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், இங்கிருந்து அது தீப்பெட்டி அளவு.

“ஒரு மணியிலேர்ந்து அங்கதான் இருந்தேன். உங்க வண்டி நிக்குதே, அதே இடத்துல. பரீட்சைத் தாள் திருத்திட்டு இருந்தேன். வெடி கேட்டுது. ஒண்ணு. மான்னு நினைச்சேன்.” அவன் நிறுத்தினான். குரல் வகுப்பில் பேசுவது போலவே இருந்தது. அதை எப்படி மாற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. “கீழ் படுக்கையிலேர்ந்து கேட் தெரியுது, ஆர்லன். இப்போ படுத்துப் பார்த்தேன். வண்டிக்குள்ள இருக்கற ஆள்கூடத் தெரியும்.”

ஆர்லனின் கை கம்பத்தின் மேல் இருந்தது. கம்பத்தில் பட்டை உரிந்த பழைய வடு ஒன்றை அவர் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“மூணரை மணி நேரம்,” என்றார் கடைசியில்.

“ஆமா.”

“இருட்டினப்புறம்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல.”

“ஆமா.”

“இருநூறு கஜம்தானே. ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாமே. ஏன் போகல?”

ஜோயல் அவரைப் பார்த்தான். அவர் உண்மையாகவே கேட்டார். அவர் போட்ட சட்டம் அப்போது அவர் நினைவில் இல்லை. தொப்பியும் மூன்று வாரமும் நினைவில் இல்லை. எதிரே நின்றது, மகளை இழந்து அதற்குக் காரணம் கேட்கிற ஒரு மனிதர்; அவ்வளவுதான். அவரிடம் அதைச் சொன்னால், அவர் வீட்டுக்குப் போய் அதோடு உட்கார்ந்திருப்பார் என்று அவனுக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டால் இன்று மதியம் இன்னொரு பொய் கல்லில் ஏறும்.

“ஜோயல்,” என்றாள் சிக்ரிட், கம்பத்தின் மேலிருந்து, சின்னக் குரலில். “அப்போ அவ கடைசியா என்னதான் சொன்னா?”

அன்று மாரிட் கேட்டைத் திறந்து மறுபக்கம் போய்விட்டு, மறுபடி தாழிட்டாள். தோளில் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டாள். வண்டிக் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். காற்று அவள் பேச்சைப் பிய்த்துக்கொண்டு போனதால் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

அவன் அதை ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் அவர்களிடம் சொன்னான்.

“நானா வெளியே வர்ற வரைக்கும் உள்ள கால் வைக்காத, ஜோயல். எவ்வளவு நேரமானாலும் சரி.”